ஐந்து முறை படித்தும் தேர்வு அறையில் ஏன் குழப்பம்?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 26. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். இரண்டு முறை எழுதியும் கட்-ஆஃப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சமச்சீர் புத்தகங்களை ஐந்து முறையாவது படித்திருப்பேன். மூன்று கலர் ஹைலைட்டரில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். யூடியூப் வகுப்புகளும் பார்க்கிறேன். இரவு படிக்கும்போது எல்லாம் மனசில் நிற்கிறது. தேர்வு அறையில் நான்கு விடைகளும் சரி மாதிரியே தெரிகின்றன. மாதிரித் தேர்வு எழுதினால் மார்க் குறைந்து மனம் உடைகிறது. அதனால் இன்னொரு ரிவிஷன் முழுசாக முடித்த பிறகுதான் மாதிரித் தேர்வு என்று தள்ளி வைத்திருக்கிறேன். அம்மா தினமும் வல்லாரைப் பொடி தருகிறார். தோழி ஒருத்தி, 'நீ விஷுவல் லேர்னர், உனக்குப் புத்தகம் ஒத்துவராது' என்கிறாள். நினைவாற்றல் மாத்திரை ஏதாவது சாப்பிடலாமா? என் மூளை இவ்வளவுதானா? இந்த ஒரு முறை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாமா?
- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரவு படித்தது அப்போது மனசில் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வகுப்புப் புத்தகங்களை ஐந்து முறை படிக்கும் பொறுமையும் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். தேர்வு உங்களிடம் கேட்கும் வேலை ஒன்று, வீட்டில் நீங்கள் பழகும் வேலை வேறு.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். 'வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டு எது?' விடைகள்: 1799, 1801, 1806, 1857. நான்குமே நீங்கள் பலமுறை கோடு போட்ட ஆண்டுகள். 1799இல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். 1857 பெரும்புரட்சி. எல்லாம் ஆங்கிலேயரை எதிர்த்த கதைகள், புத்தகத்தில் அடுத்தடுத்து வருபவை. ஒரு முறைகூடப் படிக்காதவருக்கு நான்கும் வெறும் எண்கள். ஐந்து முறை படித்த உங்களுக்கு நான்கும் நன்றாகத் தெரிந்த எண்கள். ஆனால் '1806, வேலூர்' என்ற முடிச்சை நீங்களாக ஒரு முறையும் போட்டுப் பார்க்கவில்லை என்றால், அந்தப் பரிச்சயம் நான்கு விடைகளுக்கும் சமமாகவே பரவும். கேள்வி தயாரிப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். தவறான விடைகளை அவர்கள் வானத்திலிருந்து எடுப்பதில்லை, நீங்கள் படித்த அதே பாடத்திலிருந்துதான் எடுக்கிறார்கள்.

பஸ்ஸில் ஒருவரைப் பார்க்கிறோம். முகம் நன்றாகத் தெரிகிறது, பெயர் மட்டும் வரமாட்டேன் என்கிறது. பார்த்ததை அடையாளம் காண்பதும், பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பதும் வேறு வேறு திறமைகள். புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது முதல் திறமைதான் வளர்கிறது. 'ஆமாம், இது தெரியும், இதுவும் தெரியும்' என்று பக்கங்கள் ஓடும். அந்தப் பக்கத்தில் விடை எழுதியே இருக்கிறது என்பதை மனம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இதை நேராகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குச் சிறிய உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். சூரியனைப் பற்றி ஒன்று, கடல் நீர்நாயைப் பற்றி ஒன்று. ஒரு குழு நான்கு சுற்றும் அதையே படித்தது. சராசரியாகப் பதினான்கு தடவை படித்து முடித்தார்கள். இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் படித்தது, அதுவும் மூன்று நான்கு தடவைதான். மற்ற மூன்று சுற்றுகளிலும் வெள்ளைத்தாளைக் கொடுத்து, 'நினைவில் இருப்பதை எழுதுங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். திரும்பப் பார்க்கப் பகுதியைத் தரவில்லை.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்த குழுவுக்கு 83% நினைவிருந்தது, எழுதிப் பார்த்த குழுவுக்கு 71%. இத்தோடு நிறுத்தியிருந்தால் உங்கள் முறைதான் சரி என்றாகியிருக்கும். நீங்கள் இரவில் புத்தகத்தை மூடும்போது வருகிற அந்த நிம்மதி பொய்யில்லை, ஐந்து நிமிடத்துக்கு அது உண்மை. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். பதினான்கு தடவை படித்தவர்களிடம் 40%தான் மிஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61%.

அந்த ஆய்வில் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு தகவல். 'ஒரு வாரம் கழித்து உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும்?' என்று முன்கூட்டியே கேட்டார்கள். அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது படித்துக்கொண்டே இருந்த குழு. அதாவது, கடைசியில் மோசமாகச் செய்யப்போகிறவர்கள்தான் நன்றாகச் செய்வோம் என்று நம்பினார்கள். ஆகவே 'தெரிந்துவிட்டது' என்கிற உணர்வை அளவுகோலாக வைத்து நீங்கள் ஒரு பாடத்தை முடித்துவிட்டதாக முடிவு செய்தால், அந்த முடிவு பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

அந்த உணர்வு எங்கிருந்து வருகிறது? எளிதாக உள்ளே போவதை எல்லாம் மனம் 'புரிந்தது, தெரிந்தது' என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. இதில் யூடியூப் வகுப்புகளுக்கும் பங்கு உண்டு. ஷானா கார்பென்டர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2013இல் ஒரு சின்ன வீடியோவை இரண்டு விதமாக எடுத்தார்கள். கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை மூன்றும் கலந்த நிறப் பூனைகள் ஏன் ஏறக்குறைய எல்லாமே பெண் பூனைகளாக இருக்கின்றன என்பதுதான் பாடம். பேசுகிறவர் ஒருவரே, வரிகளும் அவையே. ஒன்றில் அவர் நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, தடையில்லாமல் பேசினார். மற்றதில் குனிந்து, குறிப்பைப் பார்த்து, தட்டுத் தடுமாறினார். முதல் வீடியோ பார்த்தவர்கள் தங்களுக்கு நிறைய நினைவிருக்கும் என்று சொன்னார்கள். சோதித்தால் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒன்றுதான். சரளமாகப் பேசும் ஆசிரியரின் வகுப்பு முடிந்ததும் நமக்கே எல்லாம் வந்துவிட்டது மாதிரி இருக்கும். சரளம் அவருடையது. நமக்கு எவ்வளவு வந்தது என்பது அலைபேசியை ஓரமாக வைத்துவிட்டு எழுதிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

ஹைலைட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2013இல் ஜான் டன்லாஸ்கி தலைமையில் சில உளவியலாளர்கள் மாணவர்கள் கையாளும் பத்துப் படிப்பு உத்திகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உள்ள ஆய்வுகளை அலசினார்கள். கோடு போடுவதும் திரும்பப் படிப்பதும் கடைசி வரிசைக்குப் போயின. முதல் வரிசையில் இடம் பிடித்தவை இரண்டே இரண்டு: தன்னைத்தானே கேள்வி கேட்டுப் பார்ப்பது, படிப்பை நாள் இடைவெளி விட்டுப் பரப்பிக்கொள்வது. நீங்கள் நேரத்தையெல்லாம் கடைசி வரிசையில் போட்டுவிட்டு, முதல் வரிசையில் இருப்பதை 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்.

உளவியல் ஆய்வு எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. 2015இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, புகழ்பெற்ற இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பழைய முடிவையே தந்தது. எங்கள் துறைக்கு அது பெரிய தலைகுனிவு. ஆனால் 'நினைவிலிருந்து எடுத்துப் பழகினால் அதிகம் நிற்கும்' என்ற முடிவு அப்படி ஆட்டம் காணவில்லை. கல்லூரி மாணவர்கள், பள்ளிப் பிள்ளைகள், வார்த்தைகள், வரலாறு, அறிவியல் என்று மாற்றி மாற்றிச் சோதித்தும் நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு உறுதியாக எழுதுகிறேன்.

உங்களுக்கே இதற்கு அனுபவம் உண்டு. ஆரம்பப் பள்ளியில் படித்த வாய்ப்பாடும் மனப்பாடச் செய்யுளும் இன்றைக்கும் வருகின்றன அல்லவா? கல்லூரியில் மூன்று வருடம் படித்த பல விஷயங்கள் வருவதில்லை. பள்ளியில் உங்களை யாரும் வாய்ப்பாட்டைப் படித்துக்கொண்டே இருக்க விடவில்லை. எழுந்து நின்று ஒப்பிக்கச் சொன்னார்கள். புத்தகம் டீச்சர் கையில். தடுமாறினால் உட்கார வைத்துவிட்டு மறுநாள் திரும்பக் கேட்டார்கள். நம் மனப்பாடக் கல்வியைத் திட்டுவதற்குக் காரணங்கள் நிறைய இருக்கின்றன, நானும் திட்டுகிறவன்தான். பொருள் தெரியாமல் ஒப்பித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் 'புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்' என்ற ஒரு பழக்கம் அதில் சரியாக இருந்தது. பெரியவர்களானதும் நாம் அதைத்தான் முதலில் விட்டோம்.

இப்போது மாதிரித் தேர்வுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி அதுதான். 'ரிவிஷன் முடித்த பிறகுதான்' என்று தள்ளுகிறீர்கள். மாதிரித் தேர்வு நீங்கள் எவ்வளவு படித்தீர்கள் என்று தீர்ப்புச் சொல்வதற்காக என்று நினைக்கிறீர்கள். அதை எழுதுவதுதான் படிப்பு. நினைவுக்குள் தேடி ஒன்றை எடுக்கிற ஒவ்வொரு முறையும் அது அடுத்த முறை இன்னும் எளிதாக வரும். தேடியும் கிடைக்காமல், பிறகு விடையைப் பார்த்தாலும் பலன்தான். நேட் கார்னெல் முதலியோர் 2009இல் வெளியிட்ட சோதனைகளில், விடை தெரியாமல் ஊகித்துத் தப்பாகச் சொல்லி, உடனே சரியான விடையைப் பார்த்தவர்கள், நேராக விடையைப் படித்தவர்களைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். இன்னொன்று வேடிக்கையானது. நிச்சயம் சரி என்று நம்பிச் சொன்ன தப்பு விடைகள்தான், திருத்தப்பட்ட பிறகு மற்றவற்றைவிட நன்றாகப் பதிகின்றன. 'இதுகூடவா தப்பு!' என்கிற அதிர்ச்சி வேலை செய்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில், தப்பான விடையை 'டிக்' அடித்துவிட்டு அப்படியே எழுந்து போனால், அந்தத் தப்பே சரி போல மனசில் தங்கக்கூடும். ரோடிகரும் எலிசபெத் மார்ஷும் 2005இல் இதைக் காட்டினார்கள். சரியான விடையைப் பார்த்துவிட்டால் இந்தக் கெடுதல் பெரும்பாலும் போய்விடுகிறது என்பதும் பின்னால் தெரிந்தது. எனவே மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து அழுதுவிட்டுத் தாளைத் தூக்கிப் போடுவதுதான் இருப்பதிலேயே நஷ்டமான வழி. 200 கேள்வியில் 110 சரி என்றால், மீதி 90 கேள்விகள்தான் அன்றைக்கு உங்களுக்குக் கிடைத்த சரக்கு. ஒவ்வொன்றையும் எடுத்து, நீங்கள் போட்ட விடை ஏன் தப்பு, அந்த விடை வேறெந்தக் கேள்விக்குச் சரியாக இருந்திருக்கும் என்று பாருங்கள். 1801 தப்பு என்று தெரிந்துகொள்வதோடு விடாமல், 1801இல் நடந்தது என்ன என்று சொல்லிப் பாருங்கள். நான்கு விடைகளும் ஒரே மாதிரி தெரிகிற நோய்க்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

சரி, நாளை காலையிலிருந்து என்ன செய்வது?

ஒரு பாடத்தை எடுங்கள். ஐந்து முறை படித்துவிட்டீர்கள், திரும்பப் படிக்க வேண்டாம். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். ஒரு பழைய நோட்டில், அந்தப் பாடத்தில் இருக்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள். வாக்கியமாக வேண்டாம், பெயர், ஆண்டு, இடம், காரணம் என்று கிறுக்கினால் போதும். பத்து நிமிடத்தில் வறண்டுவிடும். அப்போது புத்தகத்தைத் திறக்கத்தான் கை போகும். இன்னும் இரண்டு நிமிடம் பொறுங்கள், சிரமப்பட்டு வருகிற அந்த நாலு விஷயம்தான் நன்றாக நிற்கப்போகிறவை. அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். அந்தச் சிவப்பைத்தான் அடுத்த முறை முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் வாரம் இது அசிங்கமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஐந்து முறை படித்த பாடத்தில் அரைப்பக்கம்கூட எழுத வராது. ஒரு நாளில் முப்பது பக்கம் ஓட்டியவர் ஆறு பக்கத்தில் நிற்பீர்கள். 'பழைய முறையே பரவாயில்லை' என்று தோன்றும். ராபர்ட் பியார்க் என்ற உளவியலாளர் இந்தத் தடுமாற்றத்தை 'விரும்பத்தக்க சிரமம்' என்றார். படிக்கும்போது வேகத்தைக் குறைக்கிற சில சிரமங்கள்தான் பிற்பாடு நினைவில் நிற்க உதவுகின்றன என்பது அவர் வாதம். எல்லாச் சிரமமும் அப்படி இல்லை. மங்கலான விளக்கில் படிப்பதும், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதும் வெறும் சிரமம்தான்.

தெரிந்த கேள்வியை எப்போது விடலாம்? 'இது வந்துவிட்டது' என்று ஒரு சரியான விடைக்குப் பிறகு அதைத் தூக்கி ஓரம் வைப்பதுதான் எல்லோரும் செய்வது. ரோடிகரும் கார்பிக்கியும் 2008இல் நாற்பது சுவாஹிலி வார்த்தைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு வார்த்தை ஒரு முறை சரியாக வந்துவிட்டால், அதை மறுபடி படிக்காமல் விட்டவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மறுபடி கேட்டுப் பார்க்காமல் விட்டவர்களுக்கோ, ஒரு வாரத்தில் 80% இருக்க வேண்டியது மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது. ஆகவே வந்துவிட்டதைப் படிப்பதை நிறுத்துங்கள், கேட்பதை நிறுத்தாதீர்கள்.

கேட்பதற்கு அம்மாவைப் பிடியுங்கள். வல்லாரைப் பொடி தருகிற கைக்கு வேறு வேலை கொடுக்கலாம். நோட்டுத் தாளை வெட்டிச் சீட்டாக்கி, ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை எழுதிவிட்டால், அவர் சமையலறையில் இருந்தபடியே கேட்கலாம். பாடம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் வரலாற்றை அதற்குச் சொல்லிக்கொடுங்கள். அது 'ஏன்?' என்று இரண்டு முறை கேட்டால் போதும், உங்களுக்கு எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் சொல்வதும் இதுதான்: ஆசிரியரிடம் எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் கால் பங்குதான் பிடிபடும், உடன் படிப்பவரோடு பழகி இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்லி மீதி அரை. தேர்வுக்காக நீங்களும் அதை மனப்பாடம் செய்திருப்பீர்கள். (அந்தப் பின்னங்களை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோச்சிங் சென்டர் சுவர்களில் 'படிப்பதில் 10%, கேட்பதில் 20%, செய்வதில் 90%' என்று ஒரு முக்கோணப் படம் தொங்கும், பார்த்திருப்பீர்கள். அந்த எண்களுக்குப் பின்னால் எந்த ஆய்வும் கிடையாது. பவணந்தியாராவது அதை ஆய்வு என்று சொல்லவில்லை.)

இடைவெளி பற்றி. ஒரே பாடத்தை ஒரே நாளில் மூன்று முறை கேட்பதைவிட, மூன்று வெவ்வேறு நாட்களில் ஒவ்வொரு முறை கேட்பது மேல். எத்தனை நாள் விடலாம் என்பது தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2008இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் 1,350க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாகக் கழித்துச் சோதித்தபோது பத்து நாள் அளவுக்கு இடைவெளி விட்டுப் படித்தவர்களும், ஒரு வருடம் அளவு கழித்துச் சோதித்தபோது மூன்று வாரம் அளவுக்கு விட்டவர்களும் நன்றாகச் செய்தார்கள். உங்களுக்கு இன்னும் பல மாதம் இருக்கிறதென்றால், முதல் முறை மறுநாள், அடுத்தது ஒரு வாரத்தில், பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கில் ரொம்பத் துல்லியம் வேண்டாம். நடுவில் கொஞ்சம் மறந்துபோவது நல்லதுதான், தேடி எடுக்க வேண்டியிருக்கும்.

கணக்குப் பட்டதாரியான உங்களுக்குத் திறனறி பகுதியின் 25 கேள்விகள் பயமாக இருக்காது என்று நினைக்கிறேன். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. தனிவட்டியில் இருபது கணக்கு, அடுத்து கூட்டுவட்டியில் இருபது, அடுத்து வேலை-நேரம் என்று வரிசையாகப் போட்டால் கை நன்றாக ஓடும். எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை, தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் கல்லூரி மாணவர்களுக்குக் கன அளவுக் கணக்குகளைக் கொடுத்தார்கள். வகை வகையாகப் போட்டவர்கள் பயிற்சியில் 89% சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60%தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் கலந்து போட்டவர்கள் 63%, வகையாகப் போட்டவர்கள் 20%. ஒரு வகையைப் புதிதாகக் கற்கும்போது ஐந்தாறு கணக்கு சேர்ந்தாற்போலப் போடுங்கள். பிறகு எல்லாவற்றையும் கலந்துவிடுங்கள்.

தோழி சொன்ன 'விஷுவல் லேர்னர்' கதையை விட்டுவிடலாம். 2008இல் ஹரோல்ட் பாஷ்லர் முதலிய நான்கு உளவியலாளர்கள் இதற்கான ஆதாரத்தைத் தேடினார்கள். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று பிரித்து, அந்தந்த வழியில் சொல்லிக்கொடுத்தால் அதிகம் கற்கிறார்கள் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை என்றே முடிவு சொன்னார்கள். ஆளுக்கு ஆள் விருப்பம் வேறுபடலாம். தமிழ்நாட்டு ஆறுகளை வரைபடத்தில் படிப்பதுதான் எல்லோருக்கும் நல்லது, செய்யுளைக் காதால் கேட்பதுதான் எல்லோருக்கும் நல்லது. அது பாடத்தின் தன்மை, உங்கள் மூளையின் ஜாதகம் இல்லை.

நினைவாற்றல் மாத்திரை வேண்டாம். விளம்பரத்தில் வருகிற எதற்கும் காசைப் போடாதீர்கள். வல்லாரை அம்மாவின் திருப்திக்கு இருக்கட்டும், துவையலாக அரைத்தால் நன்றாகவும் இருக்கும். ஆனால் எப்போதும் அசதி, தலைசுற்றல், முடி கொட்டுதல் என்று ஏதாவது இருந்தால், மருத்துவரைப் பார்த்து ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரத்தச்சோகையோடு படிப்பது கஷ்டம், அதற்கு வழக்கமான சிகிச்சை இருக்கிறது. இரவு எத்தனை மணி வரை படிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஒரு மணி, இரண்டு மணி என்றால் நிறுத்துங்கள். படித்தவுடன் தூங்கியவர்களுக்கு மறதி குறைவு என்று 1924லேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் காட்டியாயிற்று. தூக்கத்தில் திருடிய நேரம் படிப்புக் கணக்கில் சேராது.

கடைசியாக, நிறுத்திவிடலாமா என்ற கேள்வி. இதற்கு எந்த ஆய்வும் பதில் சொல்லாது. இந்தத் தேர்வை லட்சக்கணக்கானவர்கள் எழுதுகிறார்கள், இடங்கள் சில ஆயிரம். நல்ல முறையில் படித்தவர்களிலும் பெரும்பாலோருக்குக் கிடைக்காது. அதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் முந்தைய இரண்டு முயற்சியில் சோதிக்கப்பட்டது உங்கள் படிப்பு முறைதான், அதை வைத்து 'என்னால் முடியாது' என்று எழுதிவிடுவதும் அவசரம். 'இவ்வளவு வருடம் போட்டாச்சே' என்பதற்காகத் தொடர்வதும் அதே அளவு தப்பு. போன வருடங்கள் தொடர்ந்தாலும் திரும்பாது, நிறுத்தினாலும் திரும்பாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். இந்த வாரமே, படிக்காமலேயே, ஒரு முழு மாதிரித் தேர்வை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதி மதிப்பெண்ணைக் குறித்து வைப்பேன். மூன்று மாதம் இந்த முறையில் படித்துவிட்டு, வேறொரு தாளில் அதேபோல எழுதுவேன். எவ்வளவு ஏறியிருந்தால் தொடர்வது, எவ்வளவுக்குக் கீழே என்றால் விடுவது என்ற எண்ணை இன்றைக்கே எழுதி அப்பாவிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிடுவேன். அன்றைய மனநிலையில் முடிவெடுக்கக் கூடாது என்பதற்காக. அதுவரை மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுங்கள். பி.எஸ்சி. கணிதத்துக்கு உங்கள் ஊரிலும் ஆள் தேடுவார்கள். கையில் கொஞ்சம் பணம் இருக்கும், தேர்வு முடிவு எப்படி வந்தாலும் அடுத்த மாதச் செலவுக்கு வீட்டில் கை நீட்ட வேண்டியிருக்காது. மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த இரண்டு மதிப்பெண்களையும் எனக்கு எழுதுங்கள்.